ஏன் என்று எழுதப்படாத வரைபடங்கள்

சென்ற குளிர்காலத்தில் ஒரு நாள் லவ்டேல் ரயில் நிலையத்தின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கேத்திப் பக்கமிருந்து ஊட்டி வண்டி ஏறி வந்து நின்றது. நீலமும் க்ரீமும் அடித்த பெட்டிகள். இறங்கியவர்கள் நான்கைந்து பேர்தான். ஒரு பையன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி எஞ்சினைப் பார்த்துவிட்டு அப்பாவிடம் கோபித்துக்கொண்டான்.

“புகை எஞ்சின்னு சொல்லித்தானே கூட்டிட்டு வந்தீங்க? இது சும்மா டீசல்ப்பா!”

“அது குன்னூரோட முடிஞ்சிருச்சுடா. இதுக்கு மேல பல்சக்கரம் வேண்டாம்” என்றார் அப்பா.

அவர் சொன்னது சரிதான். நீலகிரி மலை ரயில் பாதையின் மொத்த நீளம் 46 கிலோமீட்டர். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899-லும், அங்கிருந்து ஊட்டி வரை 1908-லும் திறக்கப்பட்டது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவில்தான் தண்டவாளங்களுக்கு இடையே பல்சட்டம் உண்டு. பன்னிரண்டு அடி முன்னால் போனால் ஒரு அடி மேலே ஏறும் செங்குத்து அது. குன்னூர் தாண்டினால் சாதாரண தண்டவாளம் போதும், டீசல் போதும்.

ஆனால் ‘சும்மா டீசல்’ என்ற சொல் எனக்கு உறுத்தியது. கோவையில் பம்பு வடிவமைப்பில் பல வருடம் இருந்தவன் நான். எந்த இயந்திரமும் தனியாகப் பிறப்பதில்லை என்பது அந்தத் தொழிலில் தினமும் கண்ட விஷயம். ஒரே ஸ்டாம்பிங் தகட்டை அடுக்கும் உயரத்தை மாற்றினால் அரைக் குதிரைத்திறன் மோட்டாரும் வரும், ஒன்றரைக் குதிரைத்திறன் மோட்டாரும் வரும். ஒரே காஸ்டிங்குக்குள் வேறு வேறு இம்பெல்லர் போட்டால் நாலு மாடல் பம்பு. அண்ணன், தம்பி, பெரியப்பா பிள்ளை என்று இயந்திரங்களுக்கும் குடும்பம் உண்டு. இதைப் பொருட்குடும்பம் என்று சொல்லலாம். அந்தப் பையன் வேண்டாமென்ற டீசலும், அவன் தேடிய நீராவி எஞ்சினும் இரண்டு பெரிய குடும்பங்களின் வாரிசுகள். இரண்டையும் பெற்ற கம்பெனிகள் இன்று இல்லை. பிள்ளைகள் மட்டும் நம் மலையில் ஓடிக்கொண்டிருக்கின்றன. எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை.

விண்டர்தூரின் பிள்ளைகள்

குன்னூர் வரை ஏறி வரும் நீராவி எஞ்சின்களுக்கு எக்ஸ் வகுப்பு என்று பெயர். சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரத்தில் 1871-ல் தொடங்கப்பட்ட எஸ்எல்எம் என்ற எஞ்சின் தொழிற்சாலை செய்தவை. முதல் உலகப் போர் தொடங்கும் நேரத்தில் ஆரம்பித்து 1925 வரை 12 எஞ்சின்கள் வந்தன. பிறகு நீண்ட இடைவெளி. 1952-ல் மறுபடியும் 5 வந்தன. இடையில் ஒரு உலகப் போர் முடிந்திருந்தது, இந்தியாவில் ஆட்சி மாறியிருந்தது. எஞ்சினின் அடிப்படை மாறவில்லை. வரைபடங்கள் விண்டர்தூரின் அலமாரியில் பத்திரமாக இருந்தன, அவ்வளவுதான்.

அந்த அடிப்படை நுட்பமானது. எஞ்சினில் நான்கு சிலிண்டர்கள். சமதளத்தில் இரண்டு மட்டும் வேலை செய்து சாதாரண சக்கரங்களை ஓட்டும். பல்சட்டம் தொடங்கும் இடத்தில், அந்த இரண்டில் வேலை முடித்து வெளியேறும் நீராவி வீணாகாமல் அடுத்த இரண்டுக்குள் நுழைந்து பற்சக்கரங்களைச் சுழற்றும். பல்சட்டம் ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளர் 1882-ல் காப்புரிமை பெற்ற முறையில் அமைந்தது. இரண்டு சட்டங்கள் பக்கம் பக்கமாக இருக்கும். ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் பள்ளம் இருக்கும். அதனால் எந்தக் கணத்திலும் ஒரு பல்லாவது பிடியில் இருக்கும், வண்டி குலுங்காது.

எக்ஸ் எஞ்சினுக்குச் சொந்தக்காரர்கள் பல ஊரில் இருக்கிறார்கள். ஆல்ப்ஸ் மலையின் ஃபுர்கா கணவாய்ப் பாதைக்கு 1913 வாக்கில் எஸ்எல்எம் செய்த எஞ்சின்களும், வியட்நாமில் தா லாட் மலை வாசஸ்தலத்துக்கு 1920களில் செய்தவையும் இதே நான்கு சிலிண்டர், இதே ஆப்ட் பல்சட்டம். தா லாட்டை பிரெஞ்சுக்காரர்களின் ஊட்டி என்று சொல்லலாம். சக்கரங்களின் எண்ணிக்கை, பாரம், கொதிகலன் அளவு ஆகியவை பாதைக்கு ஏற்ப மாறும். யோசனை ஒன்றுதான். 1947-ல் ஃபுர்காவின் எஞ்சின்கள் சில வியட்நாமுக்கே விற்கப்பட்டன. போரில் அந்தப் பாதை அழிந்தது. துருப்பிடித்துக் கிடந்த எஞ்சின்களை 1990-ல் சுவிஸ் ரயில் ஆர்வலர்கள் கப்பலேற்றித் தாய்நாட்டுக்குக் கொண்டுபோய்ச் செப்பனிட்டார்கள். தாய்வீடான எஸ்எல்எம் அதற்குப் பத்து வருடம் கழித்து இல்லாமல் போனது. 1990களின் இறுதியில் அது பிரிபிரியாக விற்கப்பட்டுவிட்டது.

குடும்பத்துக்கு வரும் நோய்

மலையில் ஓடியது சின்னக் குடும்பம். கீழே சமவெளியில் கூட்டுக் குடும்பமே நடந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு இந்தியாவில் ஒவ்வொரு ரயில்வே கம்பெனியும் தனக்கென்று எஞ்சின் வடிவமைத்துக்கொண்டது. ஒரு கம்பெனியின் உதிரிப்பாகம் இன்னொன்றுக்கு உதவாது. 1903-ல் பிரிட்டனின் பொறியியல் தரக்குழு இந்திய ரயில்களுக்கென முதல் பொது வடிவங்களை வெளியிட்டது. 1920களில் இன்னொரு சுற்று. அகலப் பாதைக்கு எக்ஸ், மீட்டர் பாதைக்கு ஒய், குறுகிய பாதைக்கு இசட் என்று எழுத்து. அதற்குள் எக்ஸ்ஏ, எக்ஸ்பி, எக்ஸ்சி என்று இலேசானது முதல் கனமானது வரை பயணி எஞ்சின்கள். எக்ஸ்டி, எக்ஸ்இ சரக்குக்கு. (நீலகிரியின் எக்ஸ் மீட்டர் பாதையில் ஓடுவது. அதற்கும் இந்த வரிசைக்கும் உறவில்லை.) உறுப்புகளை முடிந்தவரை பொதுவாக்குவதுதான் நோக்கம். ஒரு தடவை யோசித்தால் நூறு தடவை செய்துகொள்ளலாம்.

இதில் ஒரு ஆபத்து உண்டு. ஒரு தடவை தவறாக யோசித்தால் அதுவும் நூறு தடவை நடக்கும்.

எக்ஸ்பி எஞ்சின்கள் ஓடத் தொடங்கியதிலிருந்தே வேகத்தில் பக்கவாட்டில் ஆடின. தண்டவாளத்தை உதைத்து வளைத்தன. 1937 ஜூலை 17 அன்று பாட்னாவுக்கு அருகே பீட்டாவில் ஒரு எக்ஸ்பி இழுத்துவந்த விரைவு வண்டி தடம்புரண்டு நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஒரு எஞ்சினின் கோளாறு என்று அதை ஒதுக்க முடியவில்லை. அதே பிறவிக்குணத்தோடு அண்ணன் தம்பிகள் நாடெங்கும் ஓடிக்கொண்டிருந்தன. அடுத்த வருடம் கர்னல் மவுண்ட் தலைமையில் ஒரு குழு வந்தது. பிரிட்டனின் புகழ்பெற்ற எஞ்சின் வடிவமைப்பாளர் ஸ்டானியரும் அதில் இருந்தார். ஆட்டத்துக்கு எஞ்சினின் வடிவமும் காரணம், பலவீனமான தண்டவாளமும் காரணம், இரண்டும் சேரும்போதுதான் விபரீதம் என்று அந்த விசாரணை காட்டியது. வரைபடம் போட்டவர்கள் மனதில் இருந்த தண்டவாளம் வேறு, பீகாரில் மழைக்காலத்தில் இருந்த தண்டவாளம் வேறு. எந்தத் தண்டவாளத்தை நம்பி இந்த எஞ்சின் என்று வரைபடத்தில் எங்கும் எழுதியிருக்காது.

அந்தப் பாடம் வீணாகவில்லை. 1947-ல் வந்த டபிள்யூபி எஞ்சினும் அதே சக்கர அமைப்புக் கொண்டதுதான். ஆனால் கற்றுக்கொண்டு பிறந்த பிள்ளை. கூர்மூக்கும் நட்சத்திரமுமாக நாற்பது வருடத்துக்கும் மேலாக ஓடியதை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இந்த அறிவை ஒரே இடத்தில் வைக்க 1930-ல் ஒரு மத்திய தர அலுவலகம் தொடங்கியிருந்தது. அதுவும் ஒரு சோதனை மையமும் இணைந்து 1957-ல் லக்னோவில் ஆர்டிஎஸ்ஓ ஆனது.

‘சும்மா டீசல்’

லவ்டேலில் அந்தப் பையன் பார்த்த எஞ்சின் ஒய்டிஎம்4. அமெரிக்காவின் ஆல்கோ கம்பெனி வடிவமைத்தது. 1960களின் தொடக்கத்தில் இறக்குமதியாகி, 1968 முதல் வாரணாசி டீசல் எஞ்சின் தொழிற்சாலையிலேயே செய்யப்பட்டது. அதன் வயிற்றில் இருப்பது ஆல்கோ 251 என்ற டீசல். ஒன்பது அங்குல விட்டம், பத்தரை அங்குல வீச்சு கொண்ட சிலிண்டர்கள் ஆறு, ஒரே வரிசையில். திறன் சுமார் 1,400 குதிரைகள். அகலப் பாதையில் இந்தியா முழுவதையும் இழுத்த டபிள்யூடிஎம்2-க்குள் இருப்பதும் அதே 251-தான். அதே விட்டம், அதே வீச்சு, சிலிண்டர் மட்டும் பதினாறு. 2,600 குதிரைகள். ஷண்டிங் செய்யும் டபிள்யூடிஎஸ்6-க்கும் இந்த ஆறு சிலிண்டர்தான். ஒரு சிலிண்டரைச் சரியாகச் செய்யக் கற்றுக்கொண்டால் மூன்று வகை எஞ்சினும் கைக்கு வந்துவிடும்.

ஆல்கோ 1969-ல் மூடப்பட்டது. இந்தியாவில் குடும்பம் நிற்கவில்லை. வாரணாசியும் லக்னோவும் சேர்ந்து அதே அடிப்படையில் கூடுதல் திறன் கொண்ட எஞ்சின்களைப் பல பத்தாண்டுகள் உருவாக்கின. அப்பா இறந்த பிறகு கடையை எடுத்து நடத்திய பிள்ளையின் கதைதான். பையனே, அது சும்மா டீசல் இல்லை.

கணினி வந்தது

ஒரு குடும்பத்தில் எத்தனை பேர், யாருக்கு யார் பொருந்துவார்கள் என்பதை மனிதர்கள் நினைவில் வைத்துக்கொள்வதற்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையை முதலில் தொட்டவர்கள் கணினி செய்தவர்களே. டிஜிட்டல் எக்விப்மெண்ட் கம்பெனியின் வேக்ஸ் கணினியை ஒவ்வொரு வாடிக்கையாளரும் ஒரு விதமாகக் கேட்பார். எந்தப் பெட்டிக்கு எந்தக் கேபிள், எந்த மின்வழங்கி என்று விற்பனைக்காரர்கள் தடுமாறினார்கள். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஜான் மெக்டெர்மாட் 1978-ல் இதற்கென ஒரு நிரலை எழுதத் தொடங்கினார். ‘இது இருந்தால் அது வேண்டும்’ என்ற வடிவில் விதிகள். 1980-ல் சேலத்துத் தொழிற்சாலையில் அது வேலைக்கு வந்தது. நம் சேலமல்ல, நியூ ஹாம்ப்ஷயரின் சேலம். எக்ஸ்கான் என்று பெயர். விதிகள் சுமார் 2,500-ஐ எட்டின. 1986-க்குள் 80,000 ஆர்டர்களைச் சரிபார்த்துவிட்டது.

பெரிய வெற்றிதான். ஆனால் பொருட்கள் மாற மாற விதிகளும் மாற வேண்டியிருந்தது. ஒவ்வொரு வருடமும் விதிகளில் பெரும்பகுதியைத் திருத்தினார்கள். கேபிளின் நீளம் இவ்வளவு என்று விதி சொல்லும். ஏன் அவ்வளவு என்று சொல்லாது. எழுதியவர் வேறு வேலைக்குப் போய்விட்டால் அடுத்தவர் அதைத் தொடப் பயப்படுவார்.

இயந்திரத் துறையில் 1997-ல் மேயர், லேனர்ட் இருவரும் எழுதிய புத்தகம் ஒன்று பரவலாகப் பேசப்பட்டது. பிளாக் அண்ட் டெக்கர் கம்பெனி எழுபதுகளில் தன் கைத்துளைப்பான், ரம்பம், மெருகுக் கருவி எல்லாவற்றுக்கும் ஒரே மோட்டாரைக் கொண்டுவந்த கதை அதில் உண்டு. விட்டம் மாறாது, நீளம் மட்டும் மாறும். 60 வாட்டிலிருந்து 650 வாட் வரை ஒரே வரிசையில் செய்யலாம். படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கோவையின் எந்த மோட்டார்ப் பட்டறைக்காரரும் இதைத் தினமும் செய்கிறார். புத்தகம் எழுதவில்லை, அவ்வளவுதான்.

இதற்கு அடுத்த படியை எடுத்தவர்களில் ஒருவர் சென்னை ஐஐடியில் படித்த ராம் ஸ்ரீராம். கார்னகி மெலனில் ஆய்வு செய்து, பிறகு அமெரிக்காவின் தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவனத்தில் சேர்ந்தவர். அங்கே அவரும் சகாக்களும் ஒரு பொருளைக் கணினிக்குள் மூன்று விதமாக விவரிக்க வேண்டும் என்றார்கள். எப்படி இருக்கிறது, எதற்காக இருக்கிறது, எப்படி நடந்துகொள்கிறது. வரைபடம் முதலாவதை மட்டுமே சொல்லும். 2006-ல் எக்ஸ்.எஃப். ஜாவும் அவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை இதையே பொருட்குடும்பங்களுக்கு விரிக்கிறது. பொதுவான மேடை எது, அதன் மேல் எதை மாற்றலாம், மாற்றினால் என்ன ஆகும் என்பதில் வடிவமைப்பாளனுக்குக் கணினி துணை நிற்க வேண்டும் என்பது அதன் சாரம். இதற்கெல்லாம் முன்னால், 1970-லேயே, ஜெர்மானியர்களான குன்ஸும் ரிட்டலும் இன்னும் எளிய ஒன்றைக் கேட்டிருந்தார்கள். முடிவை மட்டும் எழுதாதீர்கள். கேள்வியையும், பரிசீலித்த பதில்களையும், ஒன்றைத் தள்ளிய காரணத்தையும் எழுதுங்கள்.

நான் எடுத்த ரிப்

இதை நான் கற்றது அந்தக் கட்டுரைகளில் அல்ல. நான் வேலை பார்த்த பட்டறையில் காகித வரைபடங்களைக் கணினிக்கு மாற்றும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஒரே வகையில் ஆறு மாடல் பம்புகள். திரையில் ஆறையும் அடுக்கிப் பார்த்தபோது, ஒரு மாடலின் காலடியில் மட்டும் மற்ற ஐந்தில் இல்லாத ஒரு ரிப் தெரிந்தது. பாரத்தைக் கணக்கிட்டுப் பார்த்தேன். தேவையே இல்லை. எடுத்துவிட்டால் ஆறுக்கும் ஒரே கால், ஒரே பேட்டர்ன். எடுத்தேன். மேலிடத்தில் பாராட்டும் கிடைத்தது.

முதல் நூறு காஸ்டிங்கில் பாதிக்கு மேல் கால் தளத்தில் உட்காரவில்லை. மெஷினில் கட்டினால் ஆடியது. எல்லாம் திரும்ப உலைக்குப் போனது. பேட்டர்ன் செய்யும் பெரியவர் ஒருவர், அறுபதை நெருங்கியவர், ஒரு காஸ்டிங்கைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

“தம்பி, அந்த ரிப்பு பாரம் தாங்கறதுக்கு இல்லீங்க. இந்த மாடல்ல மேல கனம் ஜாஸ்தி. இரும்பு ஆறுறப்ப காலை இழுத்துக்கும். அதைப் புடிச்சு நிறுத்தத்தான் வெச்சது.”

“ஏண்ணா, எடுக்கறப்பவே சொல்லியிருக்கலாம்ல?”

“நீங்க கேக்கலீங்களே.”

அவர் குத்திக்காட்டவில்லை. உண்மையாகவே யாரும் கேட்டதில்லை. நான் பார்த்தது ரிப்பின் வடிவத்தை. அதன் வேலை ஓடும் பம்பில் என்று நானாகவே முடிவுசெய்துகொண்டேன். அதன் வேலை உலையிலிருந்து வந்த முதல் சில மணி நேரத்தோடு முடிந்துவிடுகிறது. என் கணினியில் அந்த மணி நேரத்துக்கு இடமே இல்லை. எக்ஸ்பி எஞ்சினை வரைந்தவர்களுக்குப் பீகார்த் தண்டவாளம் எப்படியோ, எனக்கு ஆறுகிற இரும்பு அப்படி. அவர்கள் தவறின் விலை உயிர்கள். என்னுடையது சில டன் வார்ப்பு. பிழையின் ஜாதி ஒன்றுதான்.

பொன்மலை

எஸ்எல்எம் இல்லாத உலகத்தில் எக்ஸ் எஞ்சின் இனி பிறக்காது என்றுதான் பலரும் நினைத்திருப்பார்கள். 2011-க்கும் 2014-க்கும் இடையில் திருச்சி பொன்மலைப் பணிமனை நான்கு புதிய எக்ஸ் எஞ்சின்களைச் செய்து மலைக்கு அனுப்பியது. அவை எண்ணெயில் எரிபவை. 2021-ல் நிலக்கரியில் எரியும் எஞ்சினையும் செய்துவிட்டது. யுனெஸ்கோ 2005-ல் இந்தப் பாதையை உலக மரபுச் சின்னமாக்கியது, சுற்றுலா, பெருமை எல்லாம் அதற்குக் காரணமாகச் சொல்லப்படலாம். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. எக்ஸ் எஞ்சின்களின் பெரும் பழுதுபார்ப்பு நெடுங்காலமாக நடப்பது பொன்மலையில்தான். ஒவ்வொரு எஞ்சினையும் ஆணி ஆணியாகக் கழற்றி, தேய்ந்ததைப் பார்த்து, ஏன் இங்கே தேய்கிறது என்று கேட்டு, திரும்பப் பூட்டியவர்கள் அங்கே தலைமுறையாக இருந்தார்கள். செய்தவன் எழுதாமல் விட்ட காரணத்தைப் பழுதுபார்ப்பவன் ஒவ்வொன்றாகக் கண்டெடுக்கிறான். ஆல்கோவுக்கு வாரணாசி எதைச் செய்ததோ, எஸ்எல்எம்முக்குப் பொன்மலை அதைச் செய்தது.

கணினியால் இதற்கு உதவ முடியாது என்று நான் சொல்லவில்லை. நானே அதில் பிழைத்தவன். ஆயிரம் உறுப்புகளின் உறவை அது மறக்காது. ஒன்றை மாற்றினால் வேறு எங்கெல்லாம் இடிக்கும் என்று நொடியில் காட்டும். ஆனால் ‘ஏன்’ என்ற பெட்டியை அதுவாக நிரப்பிக்கொள்ளாது. ஒருவர் இன்னொருவரிடம் போய்க் கேட்டு எழுதினால்தான் உண்டு. கேட்க வேண்டியவர் பெரும்பாலும் அலுவலகத்தில் இருக்கமாட்டார். உலைக்குப் பக்கத்திலோ, பழுதுபார்க்கும் குழிக்குள்ளோ இருப்பார். நம் ஊரில் படித்தவன் அங்கே போய்க் கேட்பது இன்னும் சிரமமான காரியமாகவே இருக்கிறது.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நான் ரிப்பைத் திரும்ப வரைந்தேன். பக்கத்தில் தமிழிலேயே எழுதினேன்: ‘எடுக்க வேண்டாம். ஆறும்போது கால் இழுத்துக்கொள்ளும்.’ அதன் பிறகு மதிய இடைவேளைகளில் பெரியவரோடு உட்கார்ந்து ஒவ்வொரு மாடலாகக் கேட்டுக் குறித்துக்கொண்டேன். மூன்று மாடல் முடிந்தது. நாலாவது தொடங்குமுன் அவர் ஓய்வுபெற்று ஊருக்குப் போனார். போய்ப் பார்க்க வேண்டும், பார்க்க வேண்டும் என்று இரண்டு வருடம் ஓடியது. பிறகு அவர் இறந்த செய்திதான் வந்தது. மீதி மூன்று மாடல்களிலும் யாருக்கும் காரணம் தெரியாத வளைவுகள் சில இன்றும் இருக்கின்றன. யாரும் தொடுவதில்லை.

லவ்டேலில் வண்டி கிளம்பியது. ஒய்டிஎம்4 கரும்புகையைக் கொஞ்சம் கக்கிவிட்டு ஊட்டிப் பக்கம் திரும்பியது. பையன் புகையைப் பார்த்ததும் சமாதானமாகிக் கையாட்டினான்.